கம்பியில் டோஃபு, கல்லில் ரொட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், சோயாப் பாலிலிருந்து செய்யும் டோஃபுவின் துண்டுகளையும் காய்களையும் கம்பியில் கோத்துச் சுட்டு, தயிர் சேர்த்துப் பிசைந்த ரொட்டியோடும் வேர்க்கடலைச் சாஸோடும் பரிமாறும் ஒரு சைவ உணவின் செய்முறையைத் தந்திருந்தோம். அதைப் பார்க்காதவர்களுக்காக அளவுகளை மட்டும் இங்கே மீண்டும் தருகிறேன். நான்கு பேருக்கு 400 கிராம் கெட்டி டோஃபு, 2 குடைமிளகாய், ஒரு பெரிய வெங்காயம், 150 கிராம் காளான் வேண்டும். ஊறவைப்பதற்கு 2 மேசைக்கரண்டி சோயா சாஸ், 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 1 தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, 1 தேக்கரண்டி மிளகாய்த் தூள், அரைத் தேக்கரண்டி வறுத்துப் பொடித்த சீரகம். ரொட்டிக்கு 250 கிராம் மைதா, 175 கிராம் தயிர், ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு. சாஸுக்கு 100 கிராம் வறுத்த வேர்க்கடலை விழுது, 80 மில்லிலிட்டர் தேங்காய்ப்பால், சிறிது வெல்லம், எலுமிச்சைச் சாறு, மிளகாய்.

வந்த கேள்விகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முடிவதைக் கண்டேன். டோஃபுவிலிருந்து வெளியேற வேண்டிய நீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. ரொட்டியில் தங்க வேண்டிய நீர் வெளியேறிவிடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பதில்களைப் படித்தால், ஒன்றுக்குச் சொன்ன தீர்வு மற்றொன்றுக்கும் பயன்படும்.

கேள்வி: கம்பியில் கோக்கும்போதே டோஃபு பிளந்துவிடுகிறது. பிளக்காமல் தப்பிய துண்டுகளோ, கம்பியைத் திருப்பினாலும் தாம் திரும்பாமல் அப்படியே நிற்கின்றன. சில கழன்று அடுப்பில் விழுந்துவிட்டன. என்ன தவறு செய்கிறேன்?

பதில்: முதலில் நீங்கள் வாங்கியது எவ்வகை டோஃபு என்று பாருங்கள். சோயாப் பாலைத் திரிய வைத்து, அந்தத் திரளைத் துணியில் கட்டிப் பாரம் ஏற்றி நீரைப் பிழிந்து எடுப்பது கெட்டி டோஃபு. திரளை உடைக்காமலும் பிழியாமலும், தயிர் உறைவதைப் போலப் பெட்டிக்குள்ளேயே உறைய விடுவது சில்கன் டோஃபு. சில்கன் வகையிலும் 'கெட்டி' என்று அச்சிட்ட பொதிகள் கிடைக்கின்றன. அவை கரண்டியால் எடுத்து உண்பதற்கு நன்றாக இருக்குமே தவிர, கம்பியின் பிடிக்குத் தாங்கா. ஆகவே 'கெட்டி' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பாமல், சில்கன் என்ற சொல் உறையில் எங்கேனும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது பாரம் வைப்பது. 400 கிராம் கட்டியைக் குறுக்கே இரண்டு பலகைகளாக அறுத்து, பருத்தித் துணியில் சுற்றி, மேலே ஒரு தட்டை வைத்து, ஏறத்தாழ 2 கிலோ எடையை அரை மணி நேரம் ஏற்றி வையுங்கள். முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தால் 40 முதல் 60 கிராம் வரை குறைந்திருக்கும். அந்த அளவு நீர் வெளியேறிய துண்டு, விரலால் அழுத்தினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். கம்பியில் கோக்கத் தகுந்த பதம் அதுதான். துண்டுகள் 3 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். சிறிதாக வெட்டினால் விரைவில் வேகும் என்று எண்ணி வெட்டப்படும் துண்டுகளே பெரும்பாலும் பிளக்கின்றன.

துண்டு திரும்பாமல் நிற்பதற்குக் காரணம் கம்பி உருண்டையாக இருப்பது. என் வீட்டில் முதன்முறையாகப் பன்னிரண்டு பேருக்கு இதைச் செய்தபோது உருண்டைக் கம்பிகளையே பயன்படுத்தினேன். ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கம் கருகியும் மறுபக்கம் வெளுத்தும் இருந்தது. அந்த விருந்தினர்களுக்கு அதைப் பரிமாற நேர்ந்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அதன் பிறகு தட்டையான உலோகக் கம்பிகளுக்கு மாறினேன். அவை கிடைக்காதபோது, இரண்டு மூங்கில் குச்சிகளை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இணையாக வைத்து, ஒரே துண்டில் இரண்டையும் செலுத்துகிறேன். இரட்டைக் குச்சியில் கோத்த துண்டு சுழல வழியே இல்லை. மூங்கில் குச்சிகளை அரை மணி நேரம் நீரில் ஊறவைப்பது வழக்கம்; ஊறவைத்தாலும் நெருப்புக்கு வெளிப்படும் நுனிகள் கருகவே செய்யும் என்பதால், அந்த நுனிகளை அலுமினியத் தாளால் சுற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று: கிரில் கம்பிவலையோ இரும்புக்கல்லோ நன்றாகக் காய்ந்த பிறகே எண்ணெய் தடவி டோஃபுவை வையுங்கள். வைத்த பின் இரண்டு மூன்று நிமிடங்கள் தொடாதீர்கள். அடிப்பக்கம் பொருக்குக் கட்டியதும் அது தானாகவே கல்லை விட்டுவிடும். இழுத்துப் பார்த்து வரவில்லை என்றால், இன்னும் நேரம் வேண்டும் என்று பொருள். அந்த நேரத்தில் பலவந்தமாகப் பெயர்த்தால் பொருக்கு கல்லோடும் துண்டு கையோடும் பிரிந்துவிடும்.

கேள்வி: இரவு முழுவதும் மசாலாவில் ஊறவைத்தேன். வெளியே காரம், உள்ளே கடித்தால் வெறும் சக்கை. டோஃபு சுவையை உறிஞ்சும் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

பதில்: அந்தக் கூற்று பாதி உண்மைதான். டோஃபுவில் துளைகள் உண்டு. ஆனால் அவற்றில் ஏற்கெனவே நீர் நிரம்பியிருக்கிறது. நிறைந்த குடத்தில் மேலும் எதையும் ஊற்ற முடியாது. அதிலும் மசாலாவில் எண்ணெய் மிகுந்திருந்தால், நீர் நிறைந்த டோஃபுவுக்குள் எண்ணெய் நுழைவதே இல்லை. இரவு முழுவதும் காத்திருந்தாலும் அது வெளிப்பூச்சாகவே நிற்கும். எனவேதான் நமது செய்முறையில் ஊறவைக்கும் கலவையில் எண்ணெயைச் சேர்க்கவில்லை. பலர் அதை அச்சுப்பிழை என்று எண்ணி 2 கரண்டி எண்ணெய் சேர்த்ததாக எழுதியிருக்கிறார்கள். எண்ணெயைச் சுடுவதற்கு முன் தடவினால் போதும்.

உள்ளே சுவை செல்வதற்கு எனக்குத் தெரிந்து நம்பகமான வழிகள் இரண்டு. ஒன்று, கொதிநீரும் உப்பும். ஒரு லிட்டர் நீரில் ஒன்றரை மேசைக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொதிக்க வைத்து, துண்டுகளாக்கிய டோஃபுவின் மேல் ஊற்றி, 15 நிமிடங்கள் மூடி வையுங்கள். நீரை வெளியேற்ற நீரிலேயே போடுவதா என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆனால் சூட்டில் டோஃபுவின் புரத வலை இறுகித் தன்னிடமுள்ள நீரில் ஒரு பகுதியை வெளியே தள்ளுகிறது. உப்பு உள்ளே பரவுகிறது. வடித்துத் துணியில் பரப்பியதும் மேற்பரப்பிலுள்ள சூடான ஈரம் ஆவியாகி விரைவில் உலர்ந்துவிடுகிறது. இவ்வாறு செய்த டோஃபுவுக்குப் பாரம் வைக்க வேண்டிய தேவைகூட இல்லை. கடித்தால் நடுவிலும் உப்பு தெரியும். உப்பு தெரிந்தால்தான் மற்றச் சுவைகள் நாக்கில் எழும்.

மற்றது உறையவைப்பது. டோஃபுவைப் பொதியோடு ஓர் இரவு உறைபெட்டியில் வையுங்கள். நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால், படிகங்கள் புரத வலையைத் தள்ளிப் பெரிய துளைகளை உண்டாக்குகின்றன. முழுமையாக உருகிய பிறகு இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அழுத்தினால், பஞ்சைப் பிழிந்தாற்போல் நீர் வடிந்துவிடும். உறைந்த நிலையில் மஞ்சளாகத் தோன்றினால் அஞ்ச வேண்டாம்; உருகும்போது அந்நிறம் பெரும்பாலும் மறைந்துவிடும். ஜப்பானில் கோயா டோஃபு என்று விற்கப்படும் உலர்ந்த வகை இந்த உறைதலையும் உலர்த்தலையும் கொண்டே செய்யப்படுகிறது. இப்படிச் செய்த டோஃபு மெல்லுவதற்குச் சற்று உறுதியாகவும் நாராகவும் இருக்கும்; அது எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். உறிஞ்சும் திறன் மிகுதி என்பதால், சோயா சாஸின் அளவைப் பாதியாகக் குறைத்து அதே அளவு நீரைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்பேறிவிடும்.

இவற்றுள் எதைச் செய்தாலும், ஊறவைக்கும் நேரம் அரை மணியிலிருந்து ஒரு மணி வரை போதும். அதைவிட முக்கியமானது, கலவையில் பாதியை எடுத்துவைத்து, சுட்டு முடிக்கும் கடைசி 2 நிமிடங்களில் தூரிகையால் பூசுவது. சிவந்து மணக்கும் அந்த மேற்பரப்பு ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் விரைந்து உருவாகிறது. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே முதலில் உலர்ந்த டோஃபுவைச் சிவக்கச் சுட்டு, பிறகே கலவையைப் பூசுவதுதான் முறை. மேலும் மொறுமொறுப்பு வேண்டுவோர், கோப்பதற்கு முன் 1 மேசைக்கரண்டி சோள மாவை மெல்லியதாகத் தூவிப் புரட்டிக்கொள்ளலாம். வெல்லமோ தேனோ சேர்க்க விரும்பினால் கடைசிப் பூச்சில் மட்டும் சேருங்கள். முன்பே சேர்த்தால் டோஃபு சிவப்பதற்கு முன் இனிப்பு கருகிக் கசக்கும்.

கேள்வி: சோயா சாஸுக்குப் பதிலாகத் தயிர் மசாலாவில் ஊறவைக்கலாமா? கூடவே அன்னாசித் துண்டுகளையும் சேர்த்து ஊறவைத்தபோது மசாலா கசந்துவிட்டது. காரணம் என்ன?

பதில்: தயிரில் தாராளமாக ஊறவைக்கலாம். ஆனால் அதை நீர் வடித்த தயிராக, துணியில் கட்டி 2 மணி நேரம் தொங்கவிட்டு எடுத்ததாகக் கொள்ளுங்கள். 150 கிராம் வடித்த தயிருக்கு 1 மேசைக்கரண்டி வறுத்த கடலை மாவைக் கலந்தால், மசாலா டோஃபுவைப் பற்றிக்கொண்டு நிற்கும். தயிர் டோஃபுவை மென்மையாக்குவதில்லை. அதற்கு அந்தத் தேவையும் இல்லை. மசாலாவைத் தாங்கும் மேலாடையாகவே அது பயன்படுகிறது. தயிரையும் சோயா சாஸையும் ஒரே கலவையில் சேர்ப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்; புளிப்பும் உப்பும் ஒன்றையொன்று மறைத்து, இரண்டும் தம் தெளிவை இழக்கின்றன.

அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தைச் சிதைக்கும் தன்மையுடையது. தயிரின் புரதம் அவ்வாறு சிதையும்போது கசப்பான கூறுகள் பிறக்கின்றன. அன்னாசியைத் தனியே கல்லில் நன்றாகச் சுட்டுக்கொண்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். சுட்ட பிறகு டோஃபுவுடன் கோத்துப் பரிமாறுங்கள்.

கேள்வி: ஒரே கம்பியில் குடைமிளகாய் பச்சையாகவும் தக்காளி குழைந்தும் போகின்றன.

பதில்: படத்தில் பல நிறங்கள் மாறி மாறி இருப்பது அழகாகத் தெரியும், அடுப்புக்கு அந்த அழகு பொருந்தாது. ஒரே நேரத்தில் வேகும் காய்களை ஒரே கம்பியில் கோத்துக்கொள்ளுங்கள். டோஃபு தனி, வெங்காயமும் குடைமிளகாயும் ஒரு கம்பி, காளான் ஒரு கம்பி, சிறு தக்காளிகள் கடைசியில் 3 நிமிடங்களுக்கு மட்டும் ஒரு கம்பி. தட்டில் வைக்கும்போது கம்பியிலிருந்து உருவி ஒன்றாகக் கலந்துகொள்ளலாம். ஓவனில் செய்வோர் 220 டிகிரியில் 20 முதல் 25 நிமிடங்கள் வைத்து, பாதியில் ஒருமுறை திருப்பினால் போதும்.

கேள்வி: ரொட்டி கல்லிலிருந்து எடுக்கும்போது பூப்போல இருக்கிறது. பத்து நிமிடத்தில் தோல்போல் ஆகிவிடுகிறது. விருந்தினர் வந்து அமர்வதற்குள் அதைக் கிழிக்கவே கை வலிக்கிறது.

பதில்: இந்த ஒரு குறையை மட்டும் பலர் எழுதியிருப்பதால் விரிவாகவே சொல்கிறேன். மாவு வேகும்போது அதிலுள்ள மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பருத்து மென்மையாகிறது. ஆறும்போது அது மீண்டும் ஒழுங்கு கூடி இறுகி, உறிஞ்சிய நீரின் பிடியைத் தளர்த்துகிறது. இந்த இறுக்கத்தை முற்றிலும் தடுக்க முடியாது. ஆனால் மாவில் நீர் போதுமானதாக இருந்து, சுடும்போது அது வெளியேறாமல் காக்கப்பட்டால், இறுக்கம் உணரப்படுவதற்குள் உணவு முடிந்துவிடும்.

முதலாவது, மாவின் ஈரம். 250 கிராம் மைதாவுக்கு 175 கிராம் தயிர் என்ற அளவில் பிசைந்தால் மாவு கையில் இலேசாக ஒட்டும். அந்த ஒட்டலைக் கண்டு மேலும் மாவைத் தூவிவிடுகிறோம். அங்கேதான் ரொட்டியின் விதி எழுதப்படுகிறது. தூவுவதற்குப் பதிலாகக் கையில் துளி எண்ணெய் தடவிக்கொண்டு பிசைந்து, மூடி 30 நிமிடங்கள் விடுங்கள். அந்த ஓய்வில் மாவு தானே ஈரத்தை உள்வாங்கி ஒட்டல் நீங்கும், பசையம் தளர்ந்து தேய்க்கும்போது சுருங்காமலும் இருக்கும். தயிர் நீர்த்ததா கெட்டியா என்பதைப் பொறுத்து ஒரு மேசைக்கரண்டி கூடவோ குறையவோ தேவைப்படலாம்.

இரண்டாவது, கல்லின் சூடு. குறைந்த தணலில் 5 நிமிடங்கள் கிடந்து வெந்த ரொட்டி உண்மையில் உலர்த்தப்பட்ட ரொட்டி. 5 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்த ரொட்டி, நன்றாகக் காய்ந்த இரும்புக்கல்லில் பக்கத்துக்கு ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிட வேண்டும். இட்ட அரை நிமிடத்தில் மேலே கொப்புளங்கள் எழவில்லை என்றால் கல் போதிய அளவு காயவில்லை. எடுத்தவுடன் தட்டில் பரப்பாமல், துணி விரித்த பாத்திரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடுங்கள். எழும் ஆவியை அடுத்த ரொட்டி வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது வழியை நான் மிகவும் விரும்புகிறேன், ஏனெனில் அது டோஃபு பிறந்த சீனத்துச் சமையலிலிருந்தே வருகிறது. அங்கு வெங்காயத்தாள் ரொட்டி போன்றவற்றுக்கு மாவைக் கொதிநீரில் பிசைவார்கள். சுடுநீர் பட்டதும் மாவுச்சத்தின் ஒரு பகுதி அப்போதே வெந்து, பச்சைத் தண்ணீரில் பிசைவதைவிட மிகுதியான நீரைப் பிடித்துக்கொள்கிறது. பசையமும் குறைவாகவே உருவாவதால் ரொட்டி ஆறிய பிறகும் இழுபடாமல் மடியும். இதே தத்துவத்தை நம் தயிர் ரொட்டியிலும் புகுத்தலாம். 250 கிராம் மைதாவிலிருந்து 20 கிராமை எடுத்து, 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, அடுப்பில் கிளறிக்கொண்டே கூழ்ப்பதம் வரும்வரை காய்ச்சுங்கள். 65 டிகிரியை எட்டும்போது அது கெட்டிப்படத் தொடங்கும். முழுமையாக ஆறிய பிறகு மீதமுள்ள மாவில் சேர்த்து, தயிரை 80 கிராமாகக் குறைத்துப் பிசையுங்கள். மாவு வறண்டு தோன்றினால் தயிரைக் கரண்டி கரண்டியாகக் கூட்டுங்கள். கூழ் சூடாக இருக்கும்போது கலந்தால் பேக்கிங் பவுடர் உடனே பொங்கித் தன் வலிமையை இழந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். இவ்வாறு செய்த ரொட்டி, மூடிவைத்தால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் கம்பியிலிருந்து டோஃபுவைப் பற்றி உருவும் அளவுக்கு மென்மையாக இருப்பதைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மைதா வேண்டாம் என்று நினைக்கிறேன். முழுக் கோதுமை மாவில் செய்யலாமா? பேக்கிங் பவுடருக்குப் பதில் சமையல் சோடா போதுமா?

பதில்: இரண்டும் முடியும். முழுக் கோதுமையின் தவிடு நீரை மிகுதியாகவும் மெதுவாகவும் உறிஞ்சும். ஆகவே 2 மேசைக்கரண்டி தயிரைக் கூட்டி, ஓய்வை 45 நிமிடமாக்குங்கள். சமையல் சோடாவுக்குப் புளிப்பு தேவை, தயிரில் அது இருக்கிறது. அரைத் தேக்கரண்டிக்கு மேல் போகாதீர்கள், போனால் சோப்பின் வாடை வரும். சோடா தயிரைத் தொட்ட கணமே வாயுவை வெளியிடத் தொடங்குவதால் பிசைந்த மாவை நெடுநேரம் காக்க வைக்க முடியாது; முழுக் கோதுமைக்கு அந்த நீண்ட ஓய்வு வேண்டும் என்பதால், அதற்குப் பேக்கிங் பவுடரே நல்லது.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குச் சோயா ஒவ்வாது, இன்னொருவருக்குக் கோதுமை ஒவ்வாது. எல்லோரும் ஒரே மேசையில் இதே உணவை உண்ண வழி உண்டா?

பதில்: உண்டு. ஒரு விருந்தில் ஒருவர் மட்டும் தனித் தட்டோடு அமர்ந்திருப்பது சமைப்பவருக்கும் வருத்தம் தருவது என்பதால், இந்தக் கேள்வியை அனுப்பியவருக்கு என் அன்பைத் தெரிவிக்கிறேன்.

மியான்மாரின் ஷான் மக்கள் கொண்டைக்கடலை மாவில் ஒருவகை டோஃபு செய்கிறார்கள். பெயரில் டோஃபு இருந்தாலும் அதில் சோயா கிடையாது. திரிய வைக்கும் பொருளும் வேண்டியதில்லை. ஒரு கிண்ணம் கடலை மாவை, உப்பும் சிறிது மஞ்சளும் சேர்த்து, இரண்டரைக் கிண்ணம் நீரில் கட்டியின்றிக் கரைத்து, நடுத்தரத் தணலில் கைவிடாமல் கிளறுங்கள். 8 முதல் 10 நிமிடங்களில் அது பளபளப்போடு கெட்டியாகும். எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி 2 மணி நேரம் குளிர வைத்தால் வெட்டலாம். சோயா டோஃபுவைவிட மென்மையானது என்பதால், முதலில் கல்லில் நாற்புறமும் பொருக்குக் கட்டச் சுட்டு, ஆறிய பிறகு கம்பியில் கோத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது சோயா சாஸ். சோயா ஒவ்வாதவருக்கு அது ஆகாது என்பது தெரிந்ததே. கோதுமை ஒவ்வாதவருக்கும் அது ஆகாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வழக்கமான சோயா சாஸ் சோயாவையும் கோதுமையையும் சேர்த்து நொதிக்கவைத்தே செய்யப்படுகிறது. தமாரி என்ற வகையில் பெரும்பாலும் கோதுமை இருக்காது. ஆயினும் உறையிலுள்ள பொருள் பட்டியலைப் படித்தே வாங்க வேண்டும். இருவரும் சேர்ந்து உண்ணும் உணவுக்கு, மேலே சொன்ன வடித்த தயிர் மசாலாவே பாதுகாப்பான தேர்வு. ரொட்டியை அரிசி மாவில், கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, இலையிலோ தாளிலோ மெல்லத் தட்டிச் செய்யலாம். பேக்கிங் பவுடர் சேர்ப்பதாக இருந்தால் அதிலும் கோதுமை மாவு கலக்கவில்லை என்று உறையில் உறுதி செய்துகொள்ளுங்கள். கல்லும் கரண்டியும் தனியாக இருக்க வேண்டும். ஒவ்வாமை கடுமையானதாக இருந்தால், எந்த மாற்றுக்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுவதே முறை.

கேள்வி: சோயா சாஸும் சீரகமும், டோஃபுவும் தயிர் ரொட்டியும் என்று இரண்டு சமையல்களைக் கலப்பது சரியா? கலவை உணவுகள் பலவற்றில் எதுவும் எதோடும் சேராமல் இருப்பதைப் பார்க்கிறேன்.

பதில்: உங்கள் மனக்குறை நியாயமானது. பெயருக்காக இரண்டு நாட்டுப் பொருள்களை ஒரே தட்டில் வைப்பதைக் கலவை என்று நானும் ஏற்பதில்லை. ஆனால் இந்த இணைப்பு புதிதாக வலிந்து செய்யப்பட்டதன்று. சீனாவின் வடமேற்கிலுள்ள சிஞ்சியாங் பகுதியில், கம்பியில் சுட்ட இறைச்சிக்குச் சீரகத்தையும் மிளகாயையும் தூவி, 'நான்' என்று அவர்கள் அழைக்கும் ரொட்டியோடு உண்பது நெடுநாள் வழக்கம். வணிகப் பாதைகள் அந்தச் சுவையை ஒன்று சேர்த்தன. டோஃபுவைக் குச்சியில் கோத்துச் சுடுவதும் புதிதல்ல. ஜப்பானில் தெங்காகு என்ற பெயரில், இனிப்புச் சேர்த்த மிசோ என்ற நொதித்த சோயா விழுது பூசிய டோஃபு பல நூற்றாண்டுகளாகச் சுடப்படுகிறது. நாம் செய்வது இந்த இரண்டு வழக்கங்களையும் சந்திக்க வைப்பது மட்டுமே.

என் அனுபவத்தில், கலவை உணவு பொருந்துவதற்கு, ஒரு பகுதியில் உள்ள சுவை மற்றொரு பகுதியிலும் சிறிதளவு இருக்க வேண்டும். டோஃபுவில் சீரகம் இருக்கிறது என்றால், ரொட்டி மாவிலும் கால் தேக்கரண்டி சீரகத்தை நசுக்கிப் போடுங்கள். வேர்க்கடலைச் சாஸில் எலுமிச்சை இருக்கிறது என்றால், வெங்காயத்தையும் அதே சாற்றில் 10 நிமிடங்கள் ஊறவைத்துப் பரிமாறுங்கள். உண்பவர் அதைத் தனியே கண்டறிய மாட்டார். ஆனால் தட்டிலுள்ளவை அயலாரைப்போல விலகி நிற்பதும் இருக்காது.

கேள்வி: தைராய்டு மாத்திரை உண்பவர்கள் டோஃபு சாப்பிடலாமா?

பதில்: சோயா உணவு, லெவோதைராக்சின் மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடும். ஆகவே மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் எத்தனை மணி நேர இடைவெளி வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு, அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எட்டுப் பேருக்கு நான் ஒருத்தியாகச் சமைக்க வேண்டும். ரொட்டியும் டோஃபுவும் ஒரே நேரத்தில் சூடாக மேசைக்கு வருவது எப்படி?

பதில்: முந்தைய இரவே சாஸைச் செய்து குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள், அது இறுகியிருந்தால் மறுநாள் வெந்நீர் 2 கரண்டி விட்டுக் கலக்கினால் இளகும். காய்களையும் இரவே நறுக்கலாம். விருந்தன்று, உண்ணும் நேரத்துக்கு 2 மணி நேரம் முன்னதாக டோஃபுவை உப்புநீரில் இட்டு எடுத்து உலர்த்தி ஊறவையுங்கள். ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது மாவைப் பிசையுங்கள். ஒரு மணி நேரம் இருக்கும்போது கம்பிகளில் கோத்துவிடுங்கள். மீதி நேரத்தில் ரொட்டிகளைத் தேய்த்து, இடையிடையே தாள் வைத்து அடுக்கலாம்.

முதலில் ரொட்டியைச் சுடுவதா டோஃபுவைச் சுடுவதா என்பதே நீங்கள் கேட்க விரும்பியது என்று கருதுகிறேன். எட்டுப் பேருக்கு 16 ரொட்டிகள் என்றால், பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் வீதம் ஒரே கல்லில் சுட ஏறத்தாழ 50 நிமிடங்கள் ஆகும். எனவே ரொட்டியை முதலில் தொடங்கி, துணியில் மூடி, மூடிய பாத்திரத்தை இளஞ்சூட்டில் வையுங்கள். கடைசி நான்கைந்து ரொட்டிகள் இருக்கும்போது டோஃபுவை ஓவனிலோ கிரில்லிலோ ஏற்றுங்கள். ரொட்டி மூடியிருந்தால் காத்திருக்கும். சுட்ட டோஃபுவை மூடினால் அதன் ஆவியிலேயே பொருக்கு நமுத்துவிடும். அதனால் டோஃபுவே கடைசியில் இறங்க வேண்டும், இறங்கியதும் மூடாமல் மேசைக்குப் போக வேண்டும்.

கேள்வி: மீந்துபோனவற்றை என்ன செய்வது? பொதி பிரித்த டோஃபு எத்தனை நாள் இருக்கும்?

பதில்: சமைக்காத டோஃபுவை நீரில் மூழ்கவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள்கள் இருக்கும்; வழவழப்போ புளித்த வாடையோ தோன்றினால் கொட்டிவிட வேண்டும். சுட்ட டோஃபுவை 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றினால் 3 நாள்களுக்குப் பயன்படுத்தலாம். மறுநாள் அதைச் சிறு துண்டுகளாக்கிக் கல்லில் புரட்டி, எடுத்துவைத்த சாஸோடு ரொட்டிக்குள் சுருட்டுங்கள். ரொட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து மிக விரைவாக இறுகும். அன்றே உண்ணாதவற்றை உறைபெட்டியில் வையுங்கள். வேண்டும்போது எடுத்து, இருபுறமும் சில துளி நீர் தெளித்து, காய்ந்த கல்லில் அரை நிமிடம் போட்டுத் திருப்பி எடுத்தால், இறுகிய மாவுச்சத்து மீண்டும் இளகி மடியும்.